ஒன்பதாவது பலகை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு அட்டை, கோயில் திருவிழா பேனர், பதினாறாம் நாள் காரியத்து அழைப்பு என்று இந்த வட்டாரத்துத் தமிழர் வீடுகளில் நல்லது கெட்டது எது நடந்தாலும் பாதி என் கை வழியாகத்தான் போகும். மாப்பிள்ளை பேருக்கு ஒரு சுழி, பெண் பேருக்கு இரண்டு சுழி, ஓரத்தில் கொடி, கொடியில் பூ. யாரும் கேட்காவிட்டாலும் என் கை போட்டுவிடும். சுழி இல்லாத எழுத்தைப் பார்த்தால் எனக்கு ஏதோ குறைகிற மாதிரியே இருக்கும்.

போன வருஷம் எங்கள் பாஸ் என்னைக் கூப்பிட்டு, இப்போதெல்லாம் வாடிக்கையாளர்கள் மாடர்னாகக் கேட்கிறார்கள், அக்கா எங்கேயாவது போய்க் கொஞ்சம் புதிதாகப் படித்துவிட்டு வாங்க என்று கோலாலம்பூரிலேயே ஒரு சனிக்கிழமை வகுப்பில் சேர்த்துவிட்டார். எழுத்து வடிவமைப்பு வகுப்பு. எனக்கு வயது நாற்பத்தொன்பது. கூடப் படித்த மற்றவர்களுக்கு என் மகன் வயதுகூட இருக்காது. பாடம் எடுத்த சீனப் பெண்ணே என்னை ஆன்டி என்றுதான் கூப்பிட்டார். நான் அவரை மிஸ் என்றேன். முதல் நாள் போய் உட்கார்ந்தபோது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பத்தொன்பது வருஷமாக எழுத்தோடு மாரடிக்கிறவளுக்கு எழுத்தா சொல்லித் தரப்போகிறீர்கள் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

கிள்ளானில் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிப் பொருமியபோது என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் லோரி ஓட்டுநர். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி ரவாங் தொழிற்சாலைகளுக்கும் செலாயாங் மொத்தச் சந்தைக்கும் கொண்டுபோவார். வாய் ஓயாத மனுஷன். சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைக்காரரிடம் அவர் பேச ஆரம்பித்தால் நான் இரண்டாவது டீ சொல்லியே ஆக வேண்டும். பெட்ரோல் நிலையத்தில், கோயில் வரிசையில், கிளினிக்கில், எங்கே போனாலும் அவருக்கு ஓர் அண்ணன் கிடைத்துவிடுவார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று “போயிட்டு வரேன்” என்பார். நான் “சரி, போயிட்டு வாங்க” என்று சொல்லியாக வேண்டும். முதல் நாள் சண்டை போட்டிருந்தால் நான் வேண்டுமென்றே வாயைத் திறக்காமல் அடுப்படியில் நிற்பேன். அவர் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அப்படியே நிற்பார். வெளியே லோரி உறுமிக்கொண்டிருக்கும். எதிர்வீட்டு நாய் குரைக்கும். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்ப்பார். ‘வாங்க’ என்ற சொல் காதில் விழும்வரை அவர் நகர மாட்டார். கடைசியில் மானம் போகிறதே என்று எரிச்சலோடு கத்துவேன். அந்தக் கத்தலே அவருக்குப் போதும், சந்தோஷமாகப் போய்விடுவார்.

வகுப்பு தொடங்கி நாலாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லோரிச் சாவியைக் கையில் எடுத்தவர் அதைக் கீழே போட்டார். குனிந்து எடுக்கப் பார்த்தார், முடியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். அது எந்த மொழியிலும் இல்லை.

பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் மட்டும் பிறகு கொஞ்சம் திரும்பியது. நாம் பேசுவது அவருக்குப் புரிகிறது, அவர் சொல்ல நினைப்பதுதான் வாய்க்கு வந்து சேரவில்லை, வாசிப்பதும் சிரமமாகத்தான் இருக்கும் என்று டாக்டர் விளக்கினார். மிஞ்சியது ஒரே ஓர் ஒலி. லா. இங்கே நாங்கள் எல்லாரும் பேசும்போது கடைசியில் ஒட்டிக்கொள்வோமே, அந்த லா. வாக்கியம் முழுவதும் போய் வால் மட்டும் நின்றுவிட்டது. பசித்தால் லா. கோபம் வந்தால் லா. ஜொகூரில் வேலை செய்யும் எங்கள் மகன் போனில் பேசினால் அழுதுகொண்டே லா. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் இரண்டையும் செய்தேன்.

அவர் சம்பளம் நின்ற பிறகு நான் வேலையை விட முடியாது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா இரண்டு தெரு தள்ளியிருந்து வருவார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். காலையில் நான் கிளம்புவதற்கு முன் வந்து, சாயங்காலம் நான் திரும்பியதும் போவார். தங்கமான மனுஷி, ஆனால் அதிகாரம். தம்பிக்கு எது பிடிக்கும் எது பிடிக்காது என்பதைத் தம்பியைக் கேட்காமலே முடிவு செய்வார். டிவியில் எந்தச் சேனல் என்று அக்காவுக்கும் தம்பிக்கும் தினமும் தகராறு. பேச்சில்லாத ஆள் எப்படித் தகராறு செய்வார் என்று கேட்காதீர்கள். செய்வார்.

மருத்துவமனையில் ஒரு படத்தாள் கொடுத்தார்கள். தண்ணீர்க் குவளை, கழிவறை, கட்டில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும் ஒரு பொம்மை மனிதன். வேண்டியதை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். குழந்தைகள் பள்ளியில் சுவரில் ஒட்டியிருப்பார்களே, அந்த மாதிரிப் படங்கள். அவர் அதை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு இடது கையால் எடுத்து மின்விசிறிக்கு நேராக வீசினார். முப்பது வருஷம் பெரிய லோரியை ஓட்டிய மனிதரிடம் அதைக் கொடுத்தது தப்புதான்.

அந்தச் சமயத்தில்தான் வகுப்பில் கடைசிப் பயிற்சியைக் கொடுத்தார்கள். உணர்வைச் சொல்லும் எழுத்து. அதாவது, எழுதப்பட்ட சொல்லைப் படிப்பதற்கு முன்பே அதன் உருவம் அது என்ன சொல்லப்போகிறது என்று காட்டிவிட வேண்டும். உலகப் புகழ்பெற்ற எழுத்து வடிவமைப்பாளர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அவருடைய வழியில் ஒன்பது சொற்களை அமைத்துக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் எழுத்தைக் கிழித்தும் கசக்கியும் வேலை செய்த பெரிய ஆட்களை எடுத்துக்கொண்டார்கள். நான் ஐரோப்பாவில் ஒரு விமான நிலையத்துக்குப் பலகை எழுத்து வரைந்து பேர் வாங்கியவரை எடுத்தேன். அவர் பேர் என் வாயில் நுழையவில்லை, அதனால் வகுப்பில் அவரை ஏர்போர்ட்காரர் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அவர் எழுத்து வெறும் எழுத்தாக இருந்தது, வேலை குறைவாக இருக்கும் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

அவரைப் பற்றி மிஸ் சொன்னதில் ஒன்று மட்டும் மனசில் நின்றது. தான் வரைந்த எழுத்தை அவர் கலங்கலாக்கிப் பார்ப்பாராம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர், தூக்கம் இல்லாதவர், கண் சரியாகத் தெரியாதவர், எல்லாரும் தூரத்திலிருந்தே படிக்க வேண்டும் அல்லவா. அதைக் கேட்டதும், என் ஒன்பது சொற்களையும் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காகவே எழுதுவது என்று தீர்மானித்துவிட்டேன்.

ஆனால் கை பழக்கத்தை விடவில்லை. முதல் மூன்று சொற்களைச் செய்தபோது ஏர்போர்ட்காரரை ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டு என் கல்யாணப் பத்திரிகைப் புத்தியைக் காட்டினேன். ‘தண்ணி’ என்ற சொல்லில் ஒவ்வொரு எழுத்தும் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. ‘வலி’ நெடுக விரிசல் விட்டு நின்றது. ‘சோறு’ தட்டு மாதிரி வளைந்து ஆவி பறந்தது. வகுப்பில் எல்லாரும் கை தட்டினார்கள். ஆன்டி சூப்பர் என்றார்கள். மிஸ்கூடப் படம் எடுத்து வைத்துக்கொண்டார். ரயிலில் அந்த மூன்று அட்டைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கிள்ளான் வரை பெருமையாக வந்தேன்.

அவர் முன்னால் ‘தண்ணி’யை நீட்டினேன். பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். “லா?” என்றார். எழுத்து ஒழுகுவதை விரலால் தொட்டுத் தொட்டுத் தேடினார். அடுத்ததைக் காட்டினேன், அடுத்ததையும் காட்டினேன். மூன்றையும் வாங்கி, முகம் கீழே இருக்கும்படி மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

எனக்கு வந்ததே கோபம். “இதுகூடத் தெரியலையா உங்களுக்கு? தண்ணி, தண்ணின்னு எழுதியிருக்கு” என்று கத்திவிட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வகுப்பே கை தட்டிய எழுத்து ஒரு மனிதருக்கு ஒரு குவளைத் தண்ணீர் வாங்கித் தரவில்லை. அதற்கு அவரையே திட்டியிருக்கிறேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வாரத்துக்கு ஒரு முறை கோலாலம்பூரில் அவருக்குப் பிசியோ. நான்தான் காரில் கூட்டிப்போவேன். நான் நல்ல ஓட்டுநர் இல்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறினால் எந்தத் தடத்தில் இருக்க வேண்டும் என்றே தெரியாது. திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, எங்கேயோ சுற்றிக்கொண்டு தாமதமாகப் போய் நிற்பதுதான் என் வழக்கம். அந்த வாரமும் வலது தடத்தில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று இடது கையைத் தூக்கினார். “லா. லா” என்று கண்ணாடிக்கு வெளியே சுட்டினார். தூரத்தில் ஒரு பச்சைப் பலகை. எனக்கு அதில் எழுத்து இருப்பதே அப்போது தெரியவில்லை. கிட்டே போன பிறகுதான் படித்தேன். நாங்கள் திரும்ப வேண்டிய இடம் அது.

சந்தேகத்தில் அடுத்த பலகைக்கு முன் வேண்டுமென்றே தப்பான தடத்துக்கு மாறினேன். பலகை எங்கோ இருக்கும்போதே மறுபடியும் கை மேலே போனது. இந்த முறை கொஞ்சம் திட்டுகிற மாதிரி ஒரு லா. சரியான தடத்துக்குத் திரும்பிக்கொண்டே அந்தப் பலகையைப் பார்த்தேன். பச்சையில் வெள்ளை எழுத்து, சுற்றிலும் இடம், ஒரு சுழி இல்லை, ஒரு பூ இல்லை. முப்பது வருஷமாக அவர் அவசரத்தில், மழையில், தூக்கக் கலக்கத்தில் படித்த எழுத்து அது. என் சொட்டு எழுத்தைத் தேடித் தோற்ற கண் அதை அரை மைல் முன்னாலேயே பிடித்துக்கொள்கிறது.

அடுத்த நாள் பாஸிடம் கேட்டு, சாலைப் பலகைக்கு ஒட்டும் மின்னுகிற பச்சை ஸ்டிக்கரில் மிச்சத் துண்டுகளை வாங்கிக்கொண்டேன். பிளாஸ்டிக் அட்டையைக் கார் நம்பர் பிளேட் அளவுக்கு ஒன்பதாக வெட்டினேன். சாப்பாட்டு நேரத்திலும் வேலை முடிந்த பிறகும் கடையில் உட்கார்ந்து, எழுத்தை ஒவ்வொன்றாகப் புதிதாக வரைந்தேன். ஏர்போர்ட்காரரை மூலையிலிருந்து எழுப்பி நடுவில் உட்காரவைத்தேன். கோட்டின் தடிமன் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘ண்’ணுக்குள் இருக்கும் வெளி அடைபடக் கூடாது. எழுத்துக்கு எழுத்து மூச்சு விட இடம் வேண்டும். வீட்டில் ஹாலின் ஒரு கோடியில் பலகையைச் சாய்த்துவைத்து, நான் அடுப்படி வாசலில் போய் நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பேன். படிக்க முடியாவிட்டால் மறுபடியும் வரைவேன். என் கண்ணின் கோளாறு முதன்முறையாக எனக்கு உபயோகப்பட்டது.

தண்ணி, சோறு, வலி, பாத்ரூம், ஃபேன், டிவி, போதும், வேணாம். எட்டுப் பலகை. ஒன்பதாவதற்கு என்ன சொல் என்று தோன்றவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பச்சையை மட்டும் ஒட்டிவைத்தேன். அவர் உட்காரும் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில், அடுப்படியில் தட்டு அடுக்கும் கம்பி ரேக்கைக் கொண்டுபோய் வைத்து, அதில் ஒன்பதையும் செருகினேன். இடது கை எட்டும் தூரம்.

அன்று மதியமே பலகை வேலையைக் காட்டியிருக்கிறது. அண்ணி வழக்கம்போல் மூன்றாவது கரண்டிச் சோற்றைப் போட வந்தபோது, அவர் ரேக்கிலிருந்து ‘போதும்’ பலகையை உருவி அக்காவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாராம். போலீஸ்காரன் மாதிரி நிறுத்துறான்மா என்று அண்ணி எனக்குப் போன் செய்து புகார் சொன்னார். கடையில் ஒரு கோயில் பேனருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, மூக்கு ஒழுக அழுதேன். பாஸ் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளிவைத்தார்.

இரண்டு வாரத்தில் அவர் எட்டுப் பலகையையும் லோரி கியர் மாற்றுகிற வேகத்தில் மாற்றப் பழகிவிட்டார். ‘டிவி’யும் ‘வேணாம்’மும் அண்ணிக்கு எதிராக ஒன்றாக எழும்பின. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த வெற்றுப் பலகையைத் தவிர.

காலையில் நான் பையை மாட்டிக்கொண்டு, “போயிட்டு வரேன்” என்று சொல்லிச் செருப்பை மாட்டுவேன். அவர் ரேக்கைத் தடவி, எழுதாத ஒன்பதாவது பலகையை எடுத்து நெஞ்சுக்கு முன்னால் பிடிப்பார். முகத்தில் அப்படி ஒரு தவிப்பு. நான் ஓடி வந்து கேட்பேன். காப்பியா? பேப்பரா? மகனுக்குப் போன் போடணுமா? இல்லை, இல்லை, இல்லை. பலகையை இன்னும் உயரமாகப் பிடிப்பார். ரயிலுக்கு நேரமாகிவிடும். சாயங்காலம் கேட்கிறேன் என்று ஓடிவிடுவேன். சாயங்காலம் கேட்டால் அந்தப் பலகையைத் தொடக்கூட மாட்டார்.

நாலைந்து நாளில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன். நான் கிளம்பும்போது மட்டும் எடுக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? போகாதே என்கிறார். வேறென்ன இருக்க முடியும்? நாள் முழுவதும் அக்காவின் அதிகாரத்தில் விட்டுவிட்டுப் போகிறேன். சனிக்கிழமைகூட வகுப்பு என்று ஓடுகிறேன். ரயிலில் ஜன்னல் ஓரத்தில் நின்றுகொண்டு என்னையே திட்டிக்கொண்டு போனேன். மனிதர் வாய் திறந்து கேட்க முடியாமல் வெற்றுப் பலகையைப் பிடித்துக் கெஞ்சுகிறார், நான் எழுத்துக்குள் இருக்கும் வெளியை அளந்துகொண்டிருக்கிறேன்.

பாஸிடம் பேசினேன். மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்றேன். அவர் யோசித்துச் சொல்லுங்கக்கா என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, அன்றே ஒரு துண்டுத் தாளில் ‘போகாதே’ என்று எழுதி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மறுநாள் காலை, அவர் வெற்றுப் பலகையை எடுத்ததும் அந்தத் தாளை அதன்மேல் ஒட்டி, இதுதானே என்று கேட்டேன். அவர் அதைப் பிய்த்து எறிந்தார். நல்ல வேகத்தோடுதான் எறிந்தார். கண்ணை மூடிக்கொண்டு “லா” என்றார். அந்த லாவில் அப்படி ஓர் அலுப்பு. உன்னைக் கட்டிக்கிட்டு என்ன பண்றது என்று அவர் முன்பெல்லாம் சொல்லும்போது வருமே, அந்தத் தொனி.

அது இல்லை என்றால் எது? அன்று வேலையில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சனிக்கிழமை ஒன்பது பலகையையும் வகுப்பில் வைக்க வேண்டும். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவர் என்னிடம் ஒன்று சொல்லப் பார்க்கிறார், இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது என்னவென்று தெரியவில்லை என்பதுதான் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

வழக்கமாக நான் சாயங்காலம் வந்ததும் நேராகக் குளிக்கப் போய்விடுவேன், அண்ணி கிளம்புவதைப் பார்ப்பதில்லை. அன்று களைத்துப்போய் ஹாலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணி குடையை எடுத்துக்கொண்டு, “டேய், போயிட்டு வரேன்” என்றார். இவர் ரேக்கைத் தடவினார். வெற்றுப் பலகையை எடுத்து அக்காவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

நான் எழுந்தே நின்றுவிட்டேன். அக்காவைப் போகாதே என்று சொல்கிற ஆள் இல்லை அவர். அக்கா எப்போது கிளம்புவார், ரிமோட் எப்போது கைக்கு வரும் என்று காத்திருக்கிறவர். அண்ணியை நிறுத்தி, இது என்ன, எத்தனை நாளாக உங்களிடம் இதைக் காட்டுகிறார் என்று கேட்டேன்.

“தெனமும்தான் காட்டுறான். நான் ‘போயிட்டு வரேன்’ங்கிறேன், அவன் ‘போயிட்டு வா’ங்கிறான். இதுக்குப் போய் ஏம்மா இப்படி முழிக்கிற?” என்றார் அண்ணி. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பலகை இன்னும் கையில் இருந்தது. “லா” என்றார், அப்பாடா என்கிற மாதிரி.

அவர் காலடியில், தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரேக்கில் இருந்த எட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தண்ணி, சோறு, பாத்ரூம், ஃபேன். எல்லாமே அவர் என்னிடம் கேட்டு வாங்குவதற்கான சொற்கள். அவர் எனக்குக் கொடுப்பதற்கு ஒரு சொல்லைக்கூட நான் எழுதவில்லை. அவரிடம் கொடுக்க இன்னும் ஏதாவது இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. மாதக்கணக்காக நான் போயிட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டு பதில் இல்லாமல் கேட்டைத் தாண்டியிருக்கிறேன். பதில் வராமல் ஓர் அடி எடுத்து வைக்காத மனிதர், என்னை அப்படி அனுப்பியதில் ஒவ்வொரு காலையும் துடித்திருக்கிறார். அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டேன். மன்னிச்சிருங்க என்றேன். இடது கை என் தலையில் வந்து உட்கார்ந்தது.

அடுத்த நாள் கடையில் ஒன்பதாவது பலகையைச் செய்தேன். நம்மூர்ச் சாலைகளில் ஊர் முடியும் இடத்தில் ‘செலாமாட் ஜாலான்’ என்று, நல்லபடியாகப் போய் வாருங்கள் என்று மலாயில் சொல்லும் ஓர் அகலப் பலகை நிற்கும். அவர் தினமும் தாண்டிப் போன பலகை. அதை நினைத்துக்கொண்டு, மற்ற எட்டையும்விட இதை இரண்டு மடங்கு அகலமாக வெட்டினேன். ‘போயிட்டு’ என்பதை ஓர் அளவில் வரைந்தேன். ‘வா’வை அதைவிட நன்றாகப் பெரிதாக வரைந்தேன். கேட் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் காத்திருந்தது என் ‘வாங்க’வில் இருந்த அந்த ‘வா’வுக்காகத்தானே. பக்கத்தில் எட்டிப் பார்த்த பாஸ், இரண்டும் ஒரே அளவில் இல்லையே அக்கா என்றார். வேண்டுமென்றுதான் என்றேன். அப்படியே, மாதக் கடைசியில் நிற்கப்போவதாகச் சொன்னதை மறந்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அதை நான் எப்பவோ மறந்துட்டேன் என்றார்.

சனிக்கிழமை காலை. வகுப்புக்குக் கொண்டுபோக எட்டுப் பலகையையும் பையில் வைத்துக்கொண்டேன். ஒன்பதாவதை அவருக்கு ஒரு தடவை காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அண்ணி அவரை வாசல் போர்ச்சுக்குத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். பலகையை அவர் மடியில் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார் என்று சொல்ல மாட்டேன், ஒரு பார்வைதான். நெடுஞ்சாலையில் பார்க்கிற அதே பார்வை. பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொல்லு என்கிற மாதிரி.

“போயிட்டு வரேங்க” என்றேன்.

அவர் இடது கையால் பலகையைத் தூக்கி நெஞ்சுக்கு முன்னால் நிறுத்தினார். கொஞ்சம் சாய்ந்திருந்தது, தாடையால் தள்ளிச் சரிசெய்துகொண்டார். போயிட்டு வா. அதோடு வாயால் “லா” என்றார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்த லாவுக்கு முன்னால் ஒரு வாக்கியம் இருந்தது.

பலகையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. இன்னொரு முறை கேட்டேன், இன்று வகுப்பில் வைக்க வேண்டும், மார்க் போய்விடும் என்றேன். போ போ என்று முழங்கையால் என்னைத் தள்ளினார். அண்ணி சிரித்தார். சரி, எட்டை வைத்துவிட்டு, ஒன்பதாவது வீட்டில் வேலையில் இருக்கிறது என்று மிஸ்ஸிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று கேட்டைத் திறந்தேன்.

எங்கள் தெரு நீளம். கடைசியில் ரயில் நிலையத்துப் பக்கம் வளையும். பத்தடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன், பலகை அப்படியே நின்றது. நாலு வீடு தாண்டி, எட்டு வீடு தாண்டி, படிக்க முடிந்தது. மாமரம் வைத்த வீட்டைத் தாண்டியதும் ‘போயிட்டு’ மங்கிப்போனது. வளைவில் நின்று பார்த்தேன். போர்ச் ஒரு சின்னக் கட்டமாகத் தெரிந்தது, அதில் ஒரு பச்சை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தேன். கண்ணாடி இல்லாமல், கண்ணும் சரியாக இல்லாமல், அவ்வளவு தூரத்திலும் ‘வா’ மட்டும் தெரிந்தது.

“வரேன்” என்று தெருவே கேட்கக் கத்தினேன். எதிர்வீட்டு நாய் குரைத்தது.